மெத் பழக்கம்: அடையாளமும் சிகிச்சையும்

இரண்டு மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லாமல் துறுதுறுப்பு, பிறகு நாள் முழுக்க அடித்துப்போட்டாற்போல் தூக்கம். 'மெத்' எனப்படும் மெத்தாம்பெட்டமின் போதைப்பொருளுக்கு இந்தச் சுழற்சிதான் முக்கிய அடையாளம். வெளிச்சத்திலும் விரிந்தே இருக்கும் கண்பாவை, பல் நறநறப்பு, சட்டென எடைக்குறைவு, காரணமற்ற சந்தேகம் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

நிறுத்தியதும் அகோரப் பசியும் மனச்சோர்வும் வரும். தூங்கினால் திட்டி எழுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் தற்கொலை எண்ணம் எழலாம். தனியே விடவே கூடாது.

இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. 'ஒரே ஊசியில் குணம்' என்பவரை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். நன்கு பலன் தருவது பரிசு முறை: சுமார் 12 வாரம், வாரம் இருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. அதில் போதைப்பொருள் தடயம் இல்லையென்றால் அங்கேயே சிறு பரிசுச்சீட்டு. தொடரத் தொடர மதிப்பு கூடும், தவறினால் தொடக்க அளவுக்கே திரும்பும். பரிசைத் தள்ளிப்போட்டால் பலன் குறையும். கூடவே மனநல ஆலோசனையும் தேவை.

நெஞ்சுவலி, உடல் கொதிப்பு, வலிப்பு என்றால் உடனே 108. ஆலோசனைக்கு 14446.