சின்ன நாய்க்குக் கிட்னி பிரச்சினையோ என்று சந்தேகமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, இத்தனை வருடம் ஒழுங்காக வெளியே போய்வந்தது இப்போது ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறது, தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறது. இதைப் பார்த்ததும் சிலர் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் "கிட்னி போயிடுச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று அன்றைக்கே மனசு உடைந்துபோகிறார்கள். இரண்டுமே எதையும் அளந்து பார்க்காமல் எடுக்கிற முடிவு. இந்த நோயில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வயசு என்று விடுவது ஏன் ஆபத்து என்றால், சிறுநீரகம் கடைசிவரை சமாளித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. அதன் செயல்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் சக்தி குறைகிறது, முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருள் இயல்பான அளவைத் தாண்டுகிறது. அதனால் ரிப்போர்ட்டில் எல்லாம் 'நார்மல்' என்று வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாகிவிடாதீர்கள். சின்ன நாய்களுக்கு இது இன்னும் பொருந்தும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது, தசையே குறைவாக உள்ள நாலு கிலோ நாய்க்கு அந்த எண் இயற்கையிலேயே குறைவாக இருக்கும். போன வருடம் 0.6 இருந்தது இந்த வருடம் 1.1 என்றால், அச்சடித்த வரம்புக்குள் இருந்தாலும் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், உங்கள் நாயின் இன்றைய எண்ணை அதன் நேற்றைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எஸ்டிஎம்ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது தசையைப் பொறுத்து மாறுவதில்லை, பெரும்பாலும் கிரியேட்டினினுக்கு முன்பே ஏறிவிடும். வசதி இருந்தால் அதையும் கேளுங்கள்.

அடுத்தது, தண்ணீரைக் குறைப்பது. இதைத் தயவுசெய்து செய்யவே செய்யாதீர்கள். வீடு நாறுகிறது, ராத்திரி தூக்கம் போகிறது என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். நாய் அதிகமாகக் குடிப்பதால் அதிகமாகப் போகிறது என்று நினைக்கிறார்கள், கிட்னி நோயில் நடப்பது நேர் எதிர். சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியவில்லை, அது வெளியே ஓடிவிடுகிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்தால் சிறுநீர் நிற்காது, உடம்பு வற்றும், மிச்சம் இருக்கிற சிறுநீரகத் திசுவுக்கும் ரத்த ஓட்டம் குறையும். திட்டுவதும் அடிப்பதும் அதைவிடக் கொடுமை. அடக்க முடியாமல்தான் போகிறது, பாவம். விரிப்பு போடுங்கள், ராத்திரி ஒரு தடவை கூடுதலாக வெளியே கூட்டிப் போங்கள்.

குறைக்க வேண்டாம், ஆனால் அளக்க வேண்டும். "நிறைய குடிக்குது டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு அதிலிருந்து அதிகம் தெரியாது. காலையில் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள், நடுவில் ஊற்றுவதையும் எழுதி வையுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி அளவில் குடிப்பது சாதாரணம், 100 மில்லியைத் தாண்டினால் அது நிச்சயம் அதிகம். ஐந்து கிலோ நாய் என்றால் அரை லிட்டர். ஈரமான உணவு சாப்பிடும் நாய் இதைவிடக் குறைவாகவே குடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். எடையும் அப்படித்தான். நாலு கிலோ நாய்க்கு 300 கிராம் குறைவது என்பது உடம்பில் ஏழரை சதவீதம், அடர்ந்த முடிக்குள் அது கண்ணுக்கே தெரியாது. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள், முன்பு சதை இருந்த இடத்தில் எலும்பு முட்டினால் தசை கரைகிறது என்று அர்த்தம்.

சரி, அதிக தாகம் என்றாலே கிட்னிதான் என்று முடிவு கட்டுவதும் தவறு. சர்க்கரை நோய், குஷிங் நோய் (உடம்பில் கார்டிசால் ஹார்மோன் அதிகமாவது), கல்லீரல் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, ரத்தத்தில் கால்சியம் கூடுவது என்று காரணங்கள் பல. கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத விஷயம். அடிசன் நோய் என்று ஒன்று இருக்கிறது, அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் குறைந்துபோவது. வாந்தி, சோர்வு, ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் ஏறியிருக்கும், பார்ப்பதற்கு அப்படியே கிட்னி செயலிழப்பு போலவே இருக்கும். ஆனால் சரியான ஹார்மோன் மருந்து கொடுத்தால் நாய் எழுந்து ஓடும். அதனால் சோடியம், பொட்டாசியம் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரத்தம் மட்டும் எடுத்துவிட்டு சிறுநீரைப் பார்க்காமல் விடுவதுதான் நான் பார்த்தவரை மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. உடம்பு வற்றிப்போனாலும் கிரியேட்டினின் ஏறும், கிட்னி கெட்டாலும் ஏறும். எது என்று பிரித்துக் காட்டுவதில் சிறுநீரின் அடர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு. வற்றிய நாய்க்கு அடர்த்தி 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்று நம்பலாம். ரத்தத்தில் எண்கள் ஏறியிருக்கும்போது சிறுநீர் 1.008-க்கும் 1.012-க்கும் இடையில் தண்ணீர் போல் இருந்தால் கவலைப்பட வேண்டும். இதில் ஒரு முக்கியமான விஷயம், டிரிப் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீர் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் எப்படியும் நீர்த்துத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டில் பிடிப்பதாக இருந்தால் காலையில் முதல் சிறுநீர் நல்லது. குட்டை நாய்க்கு அடியில் டப்பா நுழையாது, நீளக் கைப்பிடி உள்ள சுத்தமான கரண்டியைப் பின்பக்கமாக நீட்டி, போக ஆரம்பித்த பிறகு மெதுவாக அடியில் கொண்டுபோங்கள், முன்னால் நீட்டினால் மிரண்டு நிறுத்திவிடும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அதே மாதிரியில் புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கிரியேட்டினின் ஏறாத நாய்க்கும் புரதம் கசிவது உண்டு, அதற்குத் தனி மருந்து இருக்கிறது. கூடவே ரத்த அழுத்தம். அதன் மேல் எண் (சிஸ்டாலிக்) 160-ஐத் தாண்டி அப்படியே நின்றால் சிறுநீரகத்தோடு கண்ணும் மூளையும் பாதிக்கப்படும், திடீரென்று பார்வை போன நாய்களும் உண்டு.

மனிதர்களின் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். கால் வலிக்கிறது போல என்று 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென் ஒன்றை நாலு கிலோ நாய்க்குக் கொடுத்தால், கிலோவுக்கு 100 மில்லிகிராம். அறுபது கிலோ மனிதர் அதே கணக்கில் ஒரே நேரத்தில் 15 மாத்திரை விழுங்குவதற்குச் சமம். பாதி கொடுத்தால் பரவாயில்லை என்பதும் கிடையாது. டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் இதே வகைதான். போன தடவை மருத்துவர் நாய்க்கே எழுதிக் கொடுத்த வலி மருந்து மீதம் இருந்தாலும், வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்காத நிலையில் அதை எடுத்துக் கொடுக்காதீர்கள், வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத்தான் முதலில் தாக்கும். திராட்சையும் உலர்திராட்சையும்கூட நாய்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனை சாப்பிட்டால் ஆபத்து என்று பாதுகாப்பான எண்ணிக்கை கிடையாது. தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகள் அதிகம். கிட்னி என்றதும் புரதத்தை அடியோடு நிறுத்தி வெறும் சோறும் காய்கறியும் போட்டால், ஏற்கெனவே கரைகிற தசை இன்னும் வேகமாகக் கரையும். முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ், புரதத்தை நோயின் நிலையைப் பார்த்துத்தான் அளவாகக் குறைக்க வேண்டும். சிறுநீரக நோய்க்கென்று தயாரிக்கும் உணவு அந்தக் கணக்கில்தான் செய்யப்படுகிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் அந்த உணவைச் சாப்பிட்ட நாய்கள் சாதாரண உணவு சாப்பிட்டவற்றைவிட நீண்ட காலம் வாழ்ந்தன, நோய் முற்றும் நெருக்கடிகளும் குறைந்தன. ஆனால் வாந்தியும் குமட்டலுமாக இருக்கும்போது அதை அறிமுகப்படுத்தினால் அந்த வாசனைக்கும் குமட்டலுக்கும் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், அப்புறம் ஆயுசுக்கும் தொடாது. முதலில் குமட்டலை அடக்க மருந்து, சாப்பிட ஆரம்பித்த பிறகு பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓரிரு வாரத்தில் மாற்றுங்கள். எதையும் சாப்பிடாமல் பட்டினி கிடப்பதைவிட, பிடித்த எதையாவது சாப்பிடுவது மேல். ஒருபக்கம் இந்த உணவைக் கொடுத்துவிட்டு இன்னொரு பக்கம் சீஸ், பதப்படுத்திய இறைச்சி, எலும்பு என்று நொறுக்குத்தீனி போட்டால் அத்தனையும் வீண். உலர் இறைச்சித் துண்டுகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதலே எச்சரித்து வந்திருக்கிறது, அவற்றைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததும் அதற்கு ஒரு காரணம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் கட்டிப்பிடிக்க அங்கே பாஸ்பரஸ் இருக்காது.

வீட்டில் தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு கசிவது மிகவும் சாதாரணம், அதிகமான திரவம் நுரையீரலில் போய் நிற்கும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், 30-க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அது கல் அடைத்த கேஸாக இருக்கலாம், காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள். எலிச் சிறுநீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் சந்தேகம் என்று சொன்னால், சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், அது மனிதர்களுக்கும் தொற்றும்.

கடைசியாக, முதல் நாள் ரிப்போர்ட்டில் ஏழு, எட்டு என்று கிரியேட்டினினைப் பார்த்துவிட்டுக் கருணைக்கொலை பற்றி முடிவெடுக்கும் அவசரம். நோயின் நிலையை ஒன்றிலிருந்து நான்கு வரை பிரிப்பது நாய் வற்றாமல், நிலையாக இருக்கும்போது எடுத்த எண்ணை வைத்துத்தான், நெருக்கடி நாளின் எண்ணை வைத்து அல்ல. விஷம், தொற்று, அடைப்பு போன்ற திடீர் காரணங்களால் ஏறியிருந்தால் சிகிச்சையில் பெருமளவு இறங்கவும் வாய்ப்புண்டு. இரண்டாம் நிலையில் கண்டுபிடித்த நாய்கள் வருடக்கணக்கில் நன்றாக இருப்பதும் உண்டு. நாய் தாங்க முடியாத வேதனையில் இல்லை என்றால், இரண்டு மூன்று நாள் டிரிப் ஏற்றிய பிறகு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். எண் இறங்குகிறதா, சிறுநீர் போதுமான அளவு வருகிறதா, வாந்தி நின்று ஒரு வாயாவது சாப்பிடுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.