வர்கலாவில் ஜோடியாக ஒரு சும்மா நாள்: பலரும் செய்யும் தவறுகள்

கேரளத்தின் கடற்கரை ஊரான வர்கலாவுக்கு ரெண்டு பேராகப் போய், ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் அந்த நாளைத் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். பத்து மணி வரை தூங்கி, ஆற அமரச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குக் கடற்கரைக்கு இறங்குகிறார்கள். அந்த ஊரின் அமைப்புக்கு இது ஒத்தே வராது. கடல் மேற்கே இருக்கிறது, செங்குத்தான செம்பாறைக் குன்று கிழக்கே. காலை வெயிலைக் குன்று மறைத்துக்கொள்வதால் எட்டு, ஒன்பது மணி வரை கீழே மணலில் நல்ல நிழல் கிடைக்கும், காலும் சுடாது, கூட்டமும் குறைவு. பதினொன்றுக்கு மேல் அந்த நிழல் போய்விடும், பிறகு சாயங்காலம் வரை நேர் வெயில்தான். அதனால் ஏழு மணிக்கு இறங்கி, பத்துக்குள் மேலே ஏறிவிடுங்கள். தூக்கத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அறையில் மின்விசிறிக்கு அடியில் தூங்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

நிழல் என்றதும் குன்றின் அடியில் சாய்ந்து துண்டை விரித்துப் படுக்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே செம்பாறை, அதற்கு அடியில் மணற்கல், இன்னும் கீழே களிமண் என்று அடுக்கடுக்காக இருக்கிறது அந்தக் குன்று. மேலே பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிக் களிமண்ணில் முட்டி, போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசியும். பாறை இடுக்கில் நல்ல தண்ணீர் சொட்டுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஈரம்தான் மண்ணை இளக்கிச் சரிய வைக்கிறது, அடியில் கடல் வேறு அரித்துக்கொண்டே இருக்கிறது. புதிதாக விழுந்த செம்மண் கட்டிகள் மணலில் கிடப்பதைக் கண்டால், மழை பெய்து சில நாள் ஆகியிருந்தாலும் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய் உட்காருங்கள். நிழல் நீளமாகவே விழும், சுவரை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது கடல். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். இங்கே அரபிக்கடல் சட்டென்று ஆழமாகும், கரைக்கு வந்த அலை நீர் ஒரு குறுகிய வழியாகத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த வழி பார்ப்பதற்கு ரெண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் அமைதியாகத் தெரியும், அதனாலேயே அங்கே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி மூச்சை வீணாக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். ஜோடியாக வருகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: ஒருவர் இழுபட்டதும் மற்றவர் யோசிக்காமல் குதித்துவிடுவார். குதிக்காதீர்கள். உயிர்காப்பாளரைக் கத்திக் கூப்பிடுங்கள், மிதக்கிற எதையாவது வீசுங்கள். சிவப்புக் கொடி பறந்தாலோ, அவர் விசில் ஊதினாலோ பேசாமல் கரையேறிவிட வேண்டும். இருட்டிய பிறகு, குடித்த பிறகு, கால் நனைப்பதோடு சரி.

எந்தக் கடற்கரையில் உட்காருவது என்பதிலும் கவனம் வேண்டும். பாபநாசம் கடற்கரையில் இறந்தவர்களுக்காகத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். அவர்கள் பக்கத்தில் நீச்சல் உடையில் படம் எடுத்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது. கொஞ்சம் வடக்கே நடந்தால் கருமணல் கடற்கரை, அதற்கும் அப்பால் ஓடயம், அங்கே அமைதியாக இருக்கலாம். ஆடி அமாவாசையன்று, மலையாளிகளுக்குக் கர்க்கடக வாவு, ஊரே நிறைந்திருக்கும். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை ஸ்ரீ நாராயண குருவின் சமாதி இருக்கும் சிவகிரிக்கு வருகிற தீர்த்தாடனமும் (புனித யாத்திரை) புத்தாண்டுக் கூட்டமும் ஒன்றாகச் சேரும். சும்மா இருக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன், ஜூலை மழையில் குன்றின் மேல் கடைகள் பல மூடியிருக்கும், ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு.

அப்புறம் இந்த 'வந்ததுதான் வந்தோம்' புத்தி. ஜடாயு பாறை, அஞ்சுதெங்கு கோட்டை, காப்பில் காயல் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் அந்த நாள் காரிலேயே போய்விடும். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, காப்பில். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், நடுவில் சாலை. போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிடலாம்.

எண்ணெய் மசாஜ் எடுப்பதாக இருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்டதும் போகாதீர்கள், எண்ணெய் ஊறின உடம்போடு வெயிலிலும் அலைய வேண்டாம். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும்தான் செய்வது கேரள ஆயுர்வேதத்தில் வழக்கம், ஒரே அறையில் ரெண்டு பேருக்கும் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் பயனில்லை. ரெண்டு மணி நேரம் பிரிந்திருங்கள், தவறே இல்லை. நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவருக்குத் தூக்கம் வந்தால் மற்றவரும் தூங்க வேண்டும் என்று நினைப்பதால்தான் நாலு மணிக்குச் சண்டை வருகிறது.

சாயங்காலம் குன்றின் மேல். சூரியன் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இறங்கும், ஐந்தரைக்கே இடம் பிடித்துவிடுங்கள், ஆர்டரும் அப்போதே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே சமையல் நிதானமாகத்தான் நடக்கும். கடை வாசலில் பனிக்கட்டி மேல் நெய்மீனும் (நம்ம வஞ்சிரம்) ஆவோலியும் (வாவல்) வரிசையாகக் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழுந்திருக்கக் கூடாது. பிறகு உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லி, கிலோ என்ன விலை, சமைக்கிற கூலி அதில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். கேட்காமல் மீனைக் கை காட்டுகிறவர்கள்தான் பில்லைப் பார்த்து முகம் வாடுகிறார்கள்.

சாப்பிட்டுத் திரும்பும்போது கடல் பக்கமாக நடக்காதீர்கள். பாதை சில இடங்களில் குறுகலாக இருக்கும், எல்லா இடத்திலும் கம்பி வேலி கிடையாது, விளிம்பு மண் உள்ளே அரித்திருந்தாலும் மேலிருந்து தெரியாது. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர்வதெல்லாம் கூடவே கூடாது. மறுநாள் காலை ரயில் என்றால் ஆட்டோவுக்கு இரவே சொல்லிவையுங்கள், ஸ்டேஷன் குன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல இருக்கும், விடியற்காலையில் அங்கே தேடினாலும் வண்டி கிடைப்பது கஷ்டம்.