வீட்டில் செவிலியர் பராமரிப்பு: யாரை அமர்த்துவது, செலவை யார் ஏற்பது

"நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று மருத்துவமனையில் சொன்ன மாலையில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வீட்டுக்கு நர்ஸ் தேடத் தொடங்குகின்றன. அந்த அவசரத்தில் நர்ஸ் செய்ய வேண்டிய வேலையும் அட்டெண்டர் (நர்சிங் படிக்காத உதவியாளர்) செய்ய வேண்டிய வேலையும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன; காப்பீட்டு நிறுவனமோ பின்னாளில் அவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்துத்தான் பணம் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்கிறது. ஆகவே ஏஜென்சியை அழைக்கும் முன், நோயாளிக்கு ஒரு நாளில் ஆகவேண்டிய காரியங்களை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் நங்கநல்லூர் வீட்டுக்கு வந்த என் சித்திக்காக நாங்கள் எழுதிய தாளில் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குள் செல்லும் குழாய்) வழியே உணவு, சிறுநீர் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங், இன்சுலின், 2 மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தல், உடல் துடைத்தல், டயப்பர் மாற்றுதல் என்று 7 காரியங்கள் இருந்தன. குழாய்களை மாற்றுவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் நர்சின் வேலை. கடைசி மூன்றையும் பழகிய அட்டெண்டர் செய்வார். குழாய்வழி உணவு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. வீட்டார் கற்றுக்கொள்ளலாம், ஆனால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, குழாயில் போட்ட அடையாளம் மூக்குத் துவார விளிம்பைவிட்டு நகரவில்லை என்று பார்த்து, மெதுவாகச் செலுத்தி, அதன்பின் அரை மணி நேரமாவது அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் கொடுக்காமல் நர்சை அழையுங்கள். உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வார்டு நர்ஸ் அருகில் இருக்கும்போதே உங்கள் கையால் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், பல வீடுகளுக்கு 24 மணி நேர நர்ஸ் தேவைப்படாது. நாள்தோறும் வந்துபோகும் நர்சும் 12 மணி நேர அட்டெண்டரும் போதும். எங்களுக்கு ஓர் ஏஜென்சி வெள்ளைச் சீருடையில் ஒருவரை அனுப்பி நர்சுக்கான கட்டணத்தையே வாங்கியது. அவர் அட்டெண்டர் என்பது நான்காம் நாள் கதீட்டர் அடைத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தம் வேலையை ஒழுங்காகவே செய்தார். வருபவர் 3 ஆண்டு ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தவரா என்பதையும், தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் அவர் பெற்ற பதிவு எண்ணையும் முதல் நாளே கேளுங்கள்.

இனிப் பணம். மெடிக்ளெய்ம் பாலிசிகளில் எக்ஸ்கிளூஷன் 05 என்று ஒரு பொது விலக்கு உண்டு: குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடக்கவைத்தல் போன்ற அன்றாட உதவிகளை வீட்டில் செய்தாலும் பராமரிப்பு இல்லத்தில் செய்தாலும், பயிற்சி பெற்ற நர்சே செய்தாலும், அதற்குப் பணம் கிடையாது. வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சைக்கான பிரிவு, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாத நிலையிலோ அங்கே இடமில்லாதபோதோதான் பொருந்தும். ஓரளவு கைகொடுப்பது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கான பிரிவே. ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுவான மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் அது 60 நாள். எனவே எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், நர்ஸ் ஏன் தேவை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே டாக்டரை எழுதச் சொல்லி, நர்ஸ் கட்டணம் ஏற்கப்படுமா என்று டி.பி.ஏ.விடம் (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்ம்களைக் கையாளும் அமைப்பு) மின்னஞ்சலில் கேட்டு, நர்சுக்கும் அட்டெண்டருக்கும் தனித்தனி பில் வாங்குங்கள். ஒரே பில்லாக இருந்தால் நர்சுக்குரிய தொகையும் சேர்ந்தே அடிபடும்.

அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள், மெடிகேர் என்ற அங்குள்ள முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் 3 நாள் உள்நோயாளியாக இருந்தபின் செவிலியர் இல்லத்தில் முதல் 20 நாள் முழுமையாகவும், 100 நாள் வரை பகுதியாகவும் செலவு ஏற்கப்படுவதை மனத்தில் வைத்துப் பேசுவார்கள். அத்தகைய ஏற்பாடு இங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. மாதக்கணக்கில் அட்டெண்டர் வைக்க அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பணம் இருப்பவர்களும் கூச்சப்படாமல் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் இரு சலுகைகள் உண்டு. சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் இருந்தால், 1961 சட்டத்தின் 80டிடி பிரிவில், நர்சிங் உள்ளிட்ட செலவுக்காக 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். மருத்துவக் காப்பீடே இல்லாத மூத்த பெற்றோருக்கு, 80டி பிரிவில் மருத்துவச் செலவு 50,000 ரூபாய் வரை கழியும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் சரிபாருங்கள். ரொக்கமாகக் கொடுத்த மருத்துவச் செலவு 80டி கணக்கில் சேராது. ஏஜென்சி ரொக்கமே கேட்டாலும் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.