புள்ளி 22 ரவையும் குப்பைக்குப் போன அட்டைகளும்

கச்சான் காற்று புழுதியை வாரி விறாந்தையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அந்தப் பையன் மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். கொழும்புப் பக்கத்தில் ஒரு கழகத்தில் சேர்ந்து புள்ளி 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிள் சுடத் தொடங்கி இரண்டு வருடங்கள் ஆகின்றன. விடுமுறையில் ஊருக்கு வந்தால் தன் இலக்கு அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு என்னிடம் வருவான். அன்று ஒரே ஓர் அட்டைதான் கொண்டுவந்தான், அதுவும் பிளாஸ்ரிக் உறைக்குள். 50 மீற்றரில் ஐந்து ரவை, அதாவது தோட்டா. ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடக்கூடிய ஒரே துளையாக இருந்தன.

"இந்த ரவைதான் எனக்குச் சரி, சேர். பத்துப் பெட்டிக்குக் கழகத்தில் பணம் கட்டிவிட்டேன்."

"மற்ற அட்டைகள் எங்கே?"

"அவை நன்றாக வரவில்லை, சேர். எறிந்துவிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் அவனுக்கு. மீதிப் பாதி, முப்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வேலை செய்த காலத்தில், ஒரு சிறிய கழகத்தில் இதே மடைத்தனத்தைச் செய்த எனக்கு.

மூச்சை நிறுத்துவது, விசையை மெல்ல அழுத்துவது, தோளில் சரியாக ஊன்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எந்தப் பயிற்றுநரும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். ரவை விடயத்தில் நாமாகப் பணத்தைக் கரைத்துக் கற்றுக்கொள்ளும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஐந்து ரவையை நம்பி மூவாயிரம் வாங்குவது

பெரிய ரைபிள் சுடுபவர்கள் சுட்டபின் மிஞ்சும் வெற்றுக் கோதை எடுத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற ரவையைத் தாங்களே தயாரித்துக்கொள்ள முடியும். புள்ளி 22 இல் அந்த வழி இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் வெடிக்கலவை இதில் கோதின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. கலவையை ஈரமாக இட்டு, சுழற்றி, விளிம்பின் உட்பள்ளத்துக்குள் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் அது பற்றிக்கொள்கிறது. நசுங்கிய விளிம்பு மறுபடி உதவாது. ஆகவே இந்த ரவையின் நல்லதும் கெட்டதும் தொழிற்சாலையிலேயே முடிந்துபோன விடயம். உள்ளே உள்ள மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது தள்ளும் ஈயக் குண்டின் நிறை 2.6 கிராம். இவ்வளவு சிறிய இடத்தில் கலவை ஒரு பக்கம் சற்றுத் தடித்துப் படிந்தாலும் வேகம் மாறும். வேகம் வினாடிக்கு 10 மீற்றர் குறைந்தால் 50 மீற்றரில் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் தாழ்ந்து விழும். இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே இருப்பது 8 மில்லிமீற்றர். கை அசையாமலேயே ஒரு புள்ளி போய்விடலாம்.

இதனால்தான் அனுபவசாலிகள் ரவையின் பெயரைக் கேட்பதில்லை, லொட் இலக்கத்தை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் இலக்கத்தைக் கேட்கிறார்கள். மருதமுனை நெசவாளரிடம் போய்க் கேளுங்கள்: ஒரே சாயம், ஒரே கை, ஆனால் நேற்று நனைத்த நூலையும் இன்று நனைத்த நூலையும் ஒரே சேலையில் ஓட்டினால் கோடு தெரியும். ரவையும் அப்படித்தான். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே நிறப் பெட்டி. லொட் மாறினால் அது வேறு ரவை. ஈலி நிறுவனம் தன் போட்டி ரவைப் பெட்டிகளில் லொட் இலக்கத்தோடு அந்த லொட்டின் வேகத்தையும் அச்சிடுகிறது. (அதை எலி என்று வாசித்துச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.) ஈலியின் விலை உயர்ந்த டெனெக்ஸ் ரவையிலும் என் துப்பாக்கிக் குழலுக்குப் பிடிக்காத லொட் இருக்கும்; அதைவிட மலிவான ரவையில் பிடித்த லொட் இருக்கும். குழலுக்குக் குழல் இந்த விருப்பம் மாறும். பக்கத்தில் படுத்துச் சுடுபவனுக்கு நன்றாகப் போகிறது என்பது உங்கள் துப்பாக்கிக்கு ஒரு செய்தியே அல்ல.

இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். லொட் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று தெரிந்துதான் மூன்று லொட்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை மூன்றையும் சுட்டேன். இரண்டாவது லொட்டில் ஓர் ஐந்து ரவைக் குரூப் (ஓர் அட்டையில் விழுந்த துளைகளின் கூட்டம்) அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் போனது. அதே லொட்டில் அதற்கு முன் சுட்ட இரண்டு அட்டைகள் சுமார்தான். "அப்போது கை சூடேறவில்லை" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, அந்த இரண்டையும் கசக்கிக் கூடைக்குள் போட்டேன். கழகத்தின் ஊடாக மூவாயிரம் ரவை எடுத்தேன். சம்பளத்தில் பெரிய துண்டு போனது. வீட்டில் சொன்ன தொகை வேறு. அது தனிக் கதை.

அந்தப் பருவம் முழுவதும் என் புள்ளிகள் சரிந்தன. ரவை மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை; அதைத்தான் நான் "சோதித்து" வாங்கியிருந்தேனே. முதலில் சுடும் சட்டையைக் குற்றம் சொன்னேன். பிறகு கன்னத் தாங்கியை உயர்த்தினேன், இறக்கினேன். துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரின் நீளத்தை மாற்றினேன். நன்றாக இருந்த என் படுக்கை நிலையை நானே குலைத்துக்கொண்டேன். கடைசியில் கழகத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அதிகம் பேசாத மனிதர், மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து அந்த லொட்டில் நாற்பது ரவை சுடச் சொன்னார். நான்கு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளைகள் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

மூவாயிரம் ரவை கெட்டதுகூடப் பெரிதல்ல. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவன் ஒரு வருடத்தில் தன் கையை நம்பாதவனாக ஆனேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அதற்குக் காரணம் கசக்கி எறிந்த இரண்டு அட்டைகள்.

ஐந்து ரவை ஏன் பொய் சொல்கிறது? புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒரே துப்பாக்கி, ஒரே லொட்டில் மூன்று ரவைக் குரூப்பின் அகலம் சராசரியாக 10 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரவைக்கு அது ஏறத்தாழ 13 ஆகும். பத்து ரவைக்கு ஏறத்தாழ 16. ரவை இடையில் கெட்டுவிடவில்லை. எண்ணிக்கை கூடியபோது அதன் உண்மையான குணம் வெளியே வந்தது. சின்ன எண்ணிக்கையில் சுமாரான லொட்டும் இடைக்கிடை அதிர்ஷ்டத்தால் ஒரே துளை போடும். அந்த அதிர்ஷ்ட அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தால், நீங்கள் சோதிப்பது ரவையை அல்ல, உங்கள் ஆசையை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் (முழந்தாளிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியின் தகுதிச் சுற்றே 60 ரவை. அந்த அறுபதுக்கு ஐந்து எப்படிச் சாட்சி சொல்லும்?

இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வளையத்தின் கணக்கையும் பாருங்கள். அதன் விட்டம் 10.4 மில்லிமீற்றர், குண்டின் விட்டம் 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எங்கு விழுந்தாலும் பத்துதான். தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த 16 ஐயும் ரவையே தின்றுவிட்டால் உங்கள் நாடித்துடிப்புக்கு எதை ஒதுக்குவீர்கள்?

நான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை இது. 50 மீற்றரிலேயே சோதியுங்கள். 25 இல் எல்லா ரவையும் நல்ல பிள்ளைதான். துப்பாக்கி ஒரே விதமான தாங்கலில் இருக்கட்டும். ஒவ்வொரு லொட்டுக்கும் பத்து ரவை வீதம் குறைந்தது நான்கு அட்டைகள். முதல் லொட்டில் நான்கையும் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முறைவைத்து மாறி மாறிச் சுடுங்கள். இல்லையென்றால் காலை எட்டு மணிக்குச் சுட்ட லொட் நல்லதாகவும் பத்து மணி வெயிலில் சுட்டது கெட்டதாகவும் தெரியும். வேறு நிறுவனத்தின் ரவைக்கு மாறும்போது முதலில் சுடும் பத்து, இருபது ரவைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு தேவைப்படும். இதனால், முறைவைத்துச் சுடுவதானால் ஒரே நிறுவனத்தின் லொட்டுகளை ஒரு நாளில் வைத்துக்கொள்வதுதான் வசதி. ஒவ்வோர் அட்டையிலும் லொட் இலக்கம், திகதி, நேரம் எழுதுங்கள். அட்டை எதுவும் வீட்டை விட்டுப் போகக்கூடாது.

இங்கே ரவை கிடைப்பதே பெரும்பாடு, லொட் தெரிவு செய்வது எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். கழகத்துக்கு வந்ததில் கிடைத்ததைத்தான் சுடுகிறோம். ஆனால் கையில் இரண்டு லொட் இருந்தால்கூட எது போட்டிக்கு, எது பயிற்சிக்கு என்று பிரிக்கலாமே. ஒரு போட்டியின் நடுவில் பெட்டி மாறி, சரிசெய்து வைத்த குறி தவறுவதையாவது தவிர்க்கலாம்.

அந்தப் பையன் பணம் கட்டிய பத்துப் பெட்டிகளும் பிறகு வந்துசேர்ந்தன. பெயர் அதே பெயர். லொட் வேறு. கட்டும்போது அவன் லொட் இலக்கத்தைக் கேட்கவே இல்லை.

வேகமான ரவை நல்ல ரவை என்று எண்ணுவது

போட்டி ரவைகள் வினாடிக்கு 320 முதல் 330 மீற்றர் வேகத்தில் புறப்படும்படி தயாரிக்கப்படுகின்றன. நம் ஊர் வெப்பத்தில், 30 பாகை செல்சியசில், ஒலியின் வேகம் ஏறத்தாழ 349. வேண்டுமென்றே அதற்குக் கீழே வைத்திருக்கிறார்கள். வினாடிக்கு 380 அளவில் புறப்படும் அதிவேக ரவை வழியில் ஒலியின் வேகத்தைத் தாண்டி இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டு தடுமாறுகிறது. இன்னொன்று பலரை வியக்கவைக்கும்: பக்கக் காற்றில் அதிகம் விலகுவதும் அதிவேக ரவைதான். விலகலைத் தீர்மானிப்பது குண்டு எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதல்ல, காற்றின் தடையால் வழியில் எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பது. ஒலியின் வேகத்தை ஒட்டித் தடை கடுமையாக ஏறுவதால் வேகமாகப் புறப்பட்டதே அதிகம் இழக்கிறது.

தராசோடு இரவைக் கழிப்பது

கல்முனையிலிருந்து ஒரு பிள்ளை இருக்கிறாள், கெட்டிக்காரி. மாமா நகை வேலை செய்பவர். அவரிடம் ஒரு தராசை வாங்கிக்கொண்டு போய், கழக அறையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ரவைகளை நிறை பார்த்துப் பிரித்தாள். கூடவே விளிம்பின் தடிப்பையும் அளந்தாள். பிரித்ததையும் பிரிக்காததையும் சுட்டபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தெரியாதுதான். நிறையில் கோது, ஈயம், மருந்து எல்லாம் சேர்ந்திருக்கின்றன. மருந்தில் உள்ள சிறு வேறுபாடு கோதின் வேறுபாட்டுக்குள் மறைந்துவிடும். வெடிக்கலவை விளிம்பில் சமமாகப் பரவியிருக்கிறதா என்பதை எந்தத் தராசும் சொல்லாது. மலிவான ரவையில் இது ஓரளவு உதவலாம். போட்டி ரவையில் அந்த இரவுகளைத் தூங்கக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் அவள் அளந்ததையெல்லாம் கொப்பியில் எழுதிவைத்திருந்தாள், தோற்ற முடிவையும் சேர்த்து. அதனால் அவளைத் திட்டவில்லை.

வெயிலில் பெட்டியை வைப்பது

மெழுகு உருகும். உருகிய பக்கம் ஒருவிதமாகவும் காய்ந்த பக்கம் இன்னொருவிதமாகவும் குழலுக்குள் போகும். நிழலில், மூடிய பெட்டியில் வையுங்கள். துப்பாக்கியில் ரவை போடும் சூடான அறைக்குள் ரவையை ஏற்றிவிட்டு இலக்கைப் பார்த்துக் கனவு காணாதீர்கள். இருபதாவது ரவையின் பின் அந்த அறையும் ஒரு அடுப்புதான்.

மணலில் விழுந்த ரவை

துடைத்துப் போடாதீர்கள். மெழுகில் மணல் ஒட்டும், குழல் கீறும். ஒதுக்கிவையுங்கள்.

ரவையைப் பிரித்து மருந்தைக் கூட்டுவது

ஒருமுறை ஒருவன் கேட்டான். அன்றோடு அவனுக்கு நான் சொல்லித்தருவதை நிறுத்தினேன்.

வெடிக்காத ரவை

குழல் இலக்கை நோக்கியபடியே முப்பது வினாடி. பிறகு திறவுங்கள்.

துடைக்காமலே இருப்பதும் துடைத்துக்கொண்டே இருப்பதும்

ஈயக் குண்டு குழலை அதிகம் தேய்ப்பதில்லை என்பதால் பலர் வருடக்கணக்கில் கை வைப்பதில்லை. அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தில் கரி வளையமாகப் படிந்து இறுகுகிறது. ஒரு நாள் குரூப் அகல்கிறது, அன்று லொட்டைத் திட்டுகிறார்கள். இன்னொரு வகையினர் ஒவ்வொரு முறையும் குழலைப் பளபளவென்று துடைத்துவிட்டு, அடுத்த நாள் முதல் ஐந்து ரவை எங்கெங்கோ போகிறது என்று முறையிடுகிறார்கள். துடைத்த குழலுக்கு மெழுகு மறுபடி படிய வேண்டும். உங்கள் குழல் எத்தனை ரவைக்குப் பின் சோர்கிறது, துடைத்தபின் எத்தனை ரவையில் நிதானத்துக்கு வருகிறது என்பதை அட்டைகள் சொல்லும், எறியாமல் வைத்திருந்தால். துடைக்கும் கோலைப் பின்பக்கத்திலிருந்தே விடுங்கள். வாய்ப்பக்கத்தால் விட்டு அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் எந்த லொட்டும் காப்பாற்றாது.

காற்றை ரவையின் தலையில் கட்டுவது

துளைகள் மேலும் கீழுமாக நீண்டால் வேகத்தைச் சந்தேகியுங்கள், கூடவே உங்கள் மூச்சையும். இடமும் வலமுமாகப் பரவினால் அநேகமாக அது காற்று. கச்சான் ஒரே சீராக வீசுவதில்லை. கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு நிமிடம் தள்ளும், அடுத்த நிமிடம் விட்டுவிடும், சமநிலையைப் பிடிப்பதற்குள் மறுபடி தள்ளும். சுடுதளத்தில் உங்களுக்கும் இலக்குக்கும் நடுவில் ஒன்றும், இலக்குக்கு அருகில் ஒன்றுமாகக் கொடி நட்டு, கொடி ஒரே நிலையில் இருக்கும்போது மட்டும் சுடுங்கள். கொடி கழற்றிக்கொண்டு ஓடுகிற நாளில் லொட் சோதனை வைக்காதீர்கள். அன்று சுட்ட அட்டையிலும் "கடும் காற்று" என்று எழுதி அட்டைக் கட்டோடு சேர்த்துவிடுங்கள்.