மோரோ கிரிஸ் வாள் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் வாழும் மோரோ மக்களின் இருபக்கக் கூர்வாள் கிரிஸ். பழைய கிரிஸ் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளை. அந்த வாளுக்குச் செய்யக்கூடிய பெரிய கேடு அதுதான். கைப்பிடியை ஒட்டிய அகன்ற பகுதியில் யானைத் துதிக்கை போல வெட்டிய நுணுக்கமான வடிவம் இருக்கும். தேய்த்து அதன் முனைகள் மழுங்கினால் மீட்கவே முடியாது.

சிவந்த துரு மட்டும்தான் எதிரி. கருமையும் பழுப்பும் இரும்பின் வயது, அவற்றை விட்டுவிடுங்கள். துருப்பிடித்த இடத்தில் மெல்லிய மினரல் எண்ணெய் தடவி, 2 நாள் ஊறவிட்டுத் துடையுங்கள். போகாத இடத்தில் மட்டும் 0000 தர (மிக நுண்ணிய) ஸ்டீல் வுல் என்ற இரும்பு நாரை எண்ணெயில் நனைத்து, அலகின் நீளவாக்கில் மெல்லத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெவ்வேறு உலோகங்களை அடுக்கி அடித்த அலகில் தெரியும் அடுக்கு வரிகளைப் பார்க்கும் ஆசையில் முழு வாளையும் வினிகரில் முக்குவது அடுத்த தவறு. வெள்ளிப் பட்டைகள் கெடும், அமிலம் கைப்பிடிக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். அசிட்டோனால் எண்ணெய்ப் பசையை நீக்கி, வெதுவெதுப்பான வினிகரைப் பஞ்சால் அலகில் மட்டும் தடவுங்கள். வரி தெரிந்ததும் 1 லிட்டர் நீரில் 1 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். ஒரே உலோகத்தில் செய்த அலகில் எவ்வளவு தடவினாலும் அடுக்கு வராது.

வயதைக் கணிக்க அலகின் வளைவுகளை எண்ணிப் பயனில்லை. நேரான கிரிஸ்களும், பாதி வளைந்து பாதி நேரானவையும் பழையனவாக இருக்கலாம். பார்க்க வேண்டியது கங்யாவை, அதாவது கைப்பிடியை ஒட்டி அலகின் மேல் குறுக்காக அமரும் இரும்புத் துண்டை. 1930-களுக்கு முந்தைய வாள்களில் பெரும்பாலும் இது தனித் துண்டு. பிற்காலத்தில் ஒரே துண்டாகவே அடித்து, இணைப்பு போலக் கோடு மட்டும் கீறினார்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: உண்மையான இணைப்பு மயிரிழையாய், சீரற்று, பக்கவிளிம்பைச் சுற்றி மறுமுகம் வரை ஓடும்; கீறிய கோடு ஒரே ஆழத்தில் பள்ளமாக இருக்கும். கீறிய கோடு இருப்பதாலேயே வாள் போலியாகிவிடாது, விலைதான் வேறு. குரோம் முலாமும் மெல்லிய தகடு அலகும் சேர்ந்து வந்தால் அது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தது.

ஆடும் கைப்பிடியைக் கழற்ற நெருப்பில் காட்டாதீர்கள். உள்ளே இருப்பது பிசின். அது இளகுவதற்குள் மரம் கருகிவிடும், சூடு அலகில் ஏறினால் எஃகின் பதமும் போகும். அலகைக் கைப்பிடியோடு இறுக்கும் உலோகக் கவ்வியின் பெயர் அசாங்-அசாங். அது இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாத வாள் பழுதுபட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உறை பெரும்பாலும் இரண்டு மரப் பலகைகளைப் பிரம்பால் கட்டியது. கட்டு நைந்திருந்தால், உருவும்போது அலகு இடுக்கு வழியே வெளியேறி உள்ளங்கையை வெட்டும். உறையின் தட்டையான முகங்களை மட்டும் பிடியுங்கள், விரல்களை ஓரத்தைச் சுற்றி மடக்காதீர்கள்.

கைப்பிடி யானைத் தந்தமாக இருந்தால் எல்லை கடக்க, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் அனுமதி தேவைப்படும். பிலிப்பைன்ஸிலிருந்து பழம்பொருளை வெளியே கொண்டுவருவதைக் குடியரசுச் சட்டம் 10066 கட்டுப்படுத்துகிறது. பணம் கொடுக்குமுன் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்திடம் கேளுங்கள். வாளில் பழைய காகிதச் சீட்டு ஒட்டியிருந்தால் அழுக்கென்று கிழிக்காதீர்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்பதற்கு அது ஒன்றே சான்றாக இருக்கக்கூடும்.