டீக்கடைல காசா போர் பேச்சு வந்தா கைகலப்பு இல்லாம பேசறது எப்படி

போன மாசம் அரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு டீக்கடை. எங்க பெரியப்பாவுக்கும் அவரோட கூட்டாளி பாய்க்கும் முப்பது வருஷ பழக்கம், மாடு வாங்கறதுல இருந்து பொண்ணு பாக்கறது வரைக்கும் ஒண்ணா போற ஆளுங்க, இஸ்ரேல் பாலஸ்தீன சண்டை, காசா போர்னு வந்த ஒரே ஒரு வாட்ஸப் வீடியோ, "அவனுங்க தானே ஆரம்பிச்சானுங்க, அனுபவிக்கட்டும்"னு பெரியப்பா ஒரு வார்த்தை விட்டாரு, பாய் கிளாஸ டொக்குனு வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. டீக்காசு நான் குடுத்தேன். அதுக்கப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசி பாத்ததுல கத்துக்கிட்டத எழுதறேன், உங்க ஊர் டீக்கடைக்கும் ஆகும்.

முதல்ல வீடியோ. வாய தொறக்கறதுக்கு முன்னாடி அத ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க, இதே படம் இதுக்கு முன்னாடி எப்போ வந்துச்சுனு பாருங்க. பெரியப்பா காட்டுனது சிரியா சண்டை, பல வருஷம் பழசு. 2023 அக்டோபர்ல ஆர்மா 3னு ஒரு வீடியோ கேம் காட்சியவே நிஜ சண்டைனு உலகம் பூரா ஷேர் பண்ணாங்க, அதனால பெரியவங்கள கேலி பண்ணாதீங்க, படிச்சவனும் ஏமாந்தான். ஒரு வீடியோ பொய்னா அங்க நடக்கறது எல்லாமே பொய்னும் ஆயிடாது, இத சேத்து சொல்லிடணும்.

அடுத்தது, அளவு. காசானு சொன்னா நம்மாளுங்க மனசுல ஒரு பெரிய நாடு மாதிரி ஓடுது. 41 கிலோமீட்டர் நீளம் தாங்க, தர்மபுரில பஸ் ஏறி கிருஷ்ணகிரி எறங்கற தூரம் கூட வராது, அகலம் 6ல இருந்து 12 கிலோமீட்டர். மொத்தம் 365 சதுர கிலோமீட்டர்ல 20 லட்சத்துக்கு மேல ஜனம். நம்ம தர்மபுரி மாவட்டம் சுமார் 4,500 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குல 15 லட்சம் பேர். 2023 அக்டோபர் 13ல வடக்கு காசால இருக்கற 11 லட்சம் பேர் 24 மணி நேரத்துல தெக்கால போங்கனு இஸ்ரேல் ராணுவம் சொன்னப்போ என்ன ஆயிருக்கும்னு இத வெச்சு யோசிங்க. படுத்த படுக்கையா இருக்கற பாட்டிய எந்த வண்டில ஏத்துவீங்க? நான் இத சொன்னப்போ தான் பெரியப்பா முதல்தடவையா சும்மா இருந்தாரு.

"யார் ஆரம்பிச்சா"ங்கற கேள்வில மாட்டாதீங்க. இது பங்காளிங்க வரப்பு தகராறு மாதிரி, ஒவ்வொருத்தனும் தான் அடி வாங்குன நாள்ல இருந்து தான் கதைய எடுப்பான். ஒருத்தர் ஹமாஸ்ங்கற பாலஸ்தீன ஆயுத அமைப்பு இஸ்ரேல தாக்குன 2023 அக்டோபர் 7னு ஆரம்பிப்பாரு, இன்னொருத்தர் 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் வீடு வாசல் இழந்த 1948னு. நடுவுல 1967 போர், இஸ்ரேல் மேற்குக்கரையையும் காசாவையும் பிடிச்சது, 2005ல காசால இருந்து குடியேறுனவங்களயும் படையையும் வெளிய எடுத்தது, 2007ல காசா ஹமாஸ் கைக்கு போனது, அதோட முற்றுகை இறுகுனது எல்லாம் கெடக்கு. எங்க இருந்து வேணா ஆரம்பிக்கட்டும், பாதில நிறுத்தக்கூடாதுனு மட்டும் சொல்லுங்க.

இப்போ முக்கியமான இடம், யார் பொறுப்பு. இதுக்கு நம்ம மாவட்டத்துக்காரனுக்கு வெளிய எங்கயும் போய் உதாரணம் தேட வேண்டாம், அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கு. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை பதுக்கி வெச்சிருக்காங்கனு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க சேந்து ஊருக்குள்ள போனாங்க. 18 பெண்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க, வீடுங்கள நொறுக்குனாங்க, ஜனங்கள அள்ளிட்டு போய் ஜெயில்ல போட்டாங்க. "கடத்துனாங்கல்ல, அனுபவிக்கட்டும்"னு அப்போ எங்க தெரு திண்ணையிலயும் பேசுனாங்களாம், அப்பா சொல்லுவாரு. அதே வார்த்தை, பாத்தீங்களா. 2011 செப்டம்பர்ல தர்மபுரி கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளினு சொல்லுச்சு, அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க. 2023 செப்டம்பர்ல சென்னை ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. கவனிங்க, கட்டை கடத்துனது உண்மையா பொய்யாங்கறது வேற கேஸ், ஊர அடிச்சது வேற கேஸ். ஒண்ண காட்டி இன்னொண்ண கழிக்க முடியாது.

1949 ஜெனீவா ஒப்பந்தமும் இதையே தான் சொல்லுது, தான் பண்ணாத குத்தத்துக்கு யாருக்கும் தண்டனை கூடாது, கூட்டுத் தண்டனை கூடாது, பணயக்கைதி பிடிக்கவும் கூடாது. அதனால அக்டோபர் 7ல ஹமாஸும் கூட வந்தவங்களும் சுமார் 1,200 பேர கொன்னது, 251 பேர பிடிச்சுட்டு போனது ஒரு கணக்கு. அதுக்கப்புறம் காசால பல்லாயிரம் பேர் செத்தது, சோறு தண்ணி மருந்த அடைச்சது இன்னொரு கணக்கு. 2024 நவம்பர் 21ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடிவாரண்ட் போட்டப்போ அப்போ இஸ்ரேல் பிரதமரா இருந்த நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட், ஹமாஸோட ராணுவத் தளபதி முகமது தெய்ஃப்னு ஆள் பேர் தான் எழுதுச்சு (தெய்ஃப் செத்துட்டார்னு பிறகு ஹமாஸே சொல்லுச்சு). யூதன், முஸ்லிம்னு எழுதல. நீங்களும் "இஸ்ரேல் அரசு", "ஹமாஸ்"னு சொல்லி பழகுங்க, பாதி சண்டை அங்கயே அடங்கும், பாய்க்கு முன்னாடி உக்காந்து பேசறப்போ ரொம்பவே.

"அவங்க தானே ஹமாஸுக்கு ஓட்டு போட்டாங்க"னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாரு. அந்த தேர்தல் 2006 ஜனவரில நடந்துச்சு, ஹமாஸுக்கு வந்தது 44 சதவீதம், அதுக்கப்புறம் நாடாளுமன்ற தேர்தலே இல்ல, காசால கிட்டத்தட்ட பாதி பேர் 18 வயசுக்கு கீழ. எவன் ஓட்டு போட்டான்? "ஜனங்களுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கறான்"னா ஆமா, அப்படி ஒளியறதும் குத்தம் தான், ஆனா அத சொல்லி குண்டு போடறவன் கை கழுவிட முடியாது. நம்ப மாட்டேன்னா 2009ல முள்ளிவாய்க்கால்ல இருந்து தப்பி வந்தவங்க யாரையாவது கேளுங்க, பாதுகாப்பு வலயம்னு சொன்ன எடத்துலயே குண்டு விழுந்த கதைய சொல்லுவாங்க.

சாவு எண்ணிக்கை சொல்லும்போது யார் எண்ணுனது, எந்த தேதி வரைக்கும்னு சேத்து சொல்லுங்க. காசா சுகாதார அமைச்சகம் போராளி, சாதாரண ஜனம்னு பிரிச்சு சொல்றதில்ல, 2023 அக்டோபர்ல போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வெளிநாட்டு பத்திரிகைக்காரங்கள இஸ்ரேல் சுதந்திரமா உள்ள விட்டதும் இல்ல. டீக்கடைல இத தாண்டி நம்பர்ல மல்லுக்கட்டறது வேஸ்ட்.

கடைசியா, குரூப்ல "காசா குழந்தைகளுக்கு உதவி"னு க்யூஆர் கோட் வந்தா ஸ்கேன் பண்ணாதீங்க. குடுக்கணும்னு தோணுச்சுனா செஞ்சிலுவை சங்கம், யுனிசெஃப் மாதிரி எடத்தோட வெப்சைட்ட நீங்களே டைப் பண்ணி போங்க. பெரியப்பா போன வாரம் அப்படி தான் 500 ரூபா போட்டாரு, என் போன்ல தான். பாய்கிட்ட சொல்லாதடானு சொன்னாரு, நான் சொல்லிட்டேன்.