கலர் மாறி பிரிண்ட் ஆகிறதா? ஆட்டோகேட் ப்ளாட் ஸ்டைலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோகேடில் (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) வரைந்தது திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஷீட் வெளியே வந்ததும் பார்த்தால் சுவர்க் கோடெல்லாம் கறுப்பு, அளவு எழுத்து மட்டும் பச்சை. இல்லையென்றால் வெளிர் சாம்பலில் போட்ட ஹேட்ச் (ஒரு பரப்பை நிரப்பும் நிறம் அல்லது கோடுகள்) முழுக் கறுப்புத் திட்டாகிக் கிடக்கும். இது பெரும்பாலும் டெண்டர் கொடுக்கிற நாளிலோ, சைட்டில் ஆள் காத்திருக்கும்போதோதான் நடக்கும். அந்த அவசரத்தில் பலரும் நேராக பிரிண்டர் செட்டிங்கைத் திறந்து, பிளாக் அண்ட் ஒயிட் என்று மாற்றிவிடுகிறார்கள். பச்சை எழுத்து அப்போது கறுப்பாகாது. மங்கிய சாம்பலாகும். ஜெராக்ஸ் எடுத்தால் அந்த அளவுகள் காணாமலே போய்விடும்.

பிரிண்டரைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே லேஅவுட்டை (அச்சுக்கு அமைத்த ஷீட்), அதே ப்ளாட் ஸ்டைலோடு (எந்தக் கோடு எந்த நிறத்தில், எந்தத் தடிமனில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் கோப்பு), ஆட்டோகேடுடன் வரும் டிடபிள்யூஜி டு பிடிஎஃப் வழியாக ஒரு பிடிஎஃப் ஆக எடுத்துப் பாருங்கள். பிடிஎஃபிலும் பச்சையாக இருந்தால் கோளாறு ட்ராயிங்கில் இருக்கிறது. பிடிஎஃபில் கறுப்பாக இருந்து தாளில் மட்டும் மாறினால் கோளாறு பிரிண்டர் பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் தேடுபவர்கள் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

ட்ராயிங் எந்த வகை என்று பார்க்காமல் விடுவது

ஆட்டோகேடில் ப்ளாட் ஸ்டைல் இரண்டு வகை. சிடிபி என்பது கலரை வைத்து வேலை செய்வது: இந்தக் கலர் எண் என்றால் இந்தத் தடிமன், இந்த மை என்று முடிவாகும். எஸ்டிபி என்பது பெயரை வைத்து வேலை செய்வது: லேயருக்கோ (வரைந்தவற்றைப் பிரித்து வைக்கும் அடுக்கு) தனிப் பொருளுக்கோ (ஒரு கோடு, ஒரு எழுத்து போன்றது) ஒரு ஸ்டைல் பெயரைக் கொடுத்துவிட்டால் கலர் எதுவாக இருந்தாலும் அந்த ஸ்டைல் சொல்கிறபடி அச்சாகும். ஒரு ட்ராயிங் ஒரே நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

“எங்க ஆபீஸ் சிடிபி லிஸ்டிலேயே வரமாட்டேங்குது” என்று சொல்பவர்கள் பலர், அந்தக் கோப்பு தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி காப்பி செய்கிறார்கள். ஆனால் எஸ்டிபி வகை ட்ராயிங்கில் சிடிபி எதுவுமே பட்டியலில் காட்டாது. லேயர் பட்டியலில் ப்ளாட் ஸ்டைல் பத்தியைப் பாருங்கள். கலர் 1, கலர் 7 என்று மாற்ற முடியாதபடி மங்கலாக இருந்தால் அது சிடிபி. நார்மல் என்று இருந்து, கிளிக் செய்தால் மாற்ற விட்டால் எஸ்டிபி. புது ட்ராயிங் தொடங்கும்போது தவறான டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கன்வர்ட்பிஸ்டைல்ஸ் என்று கட்டளை கொடுத்தால் வகையை மாற்றலாம். எஸ்டிபியிலிருந்து சிடிபிக்கு மாற்றும்போது முன்பு கொடுத்திருந்த ஸ்டைல் பெயர்கள் எல்லாம் அழிந்துவிடும், எனவே முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எதிர்த் திசையில் போவதானால் முதலில் கன்வர்ட்சிடிபி கட்டளையால் சிடிபியை எஸ்டிபி கோப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

ட்ரூ கலர்

கலர் தகராறு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சிடிபி கோப்புக்குள் 255 வரிகள் மட்டுமே இருக்கின்றன, ஆட்டோகேடின் 255 இன்டெக்ஸ் கலர்களுக்கு ஒவ்வொன்றாக. சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளைக் கலந்து தேர்ந்தெடுக்கும் ட்ரூ கலரும், பான்டோன் போன்ற கலர் புக் நிறங்களும் அந்த 255-இல் சேராதவை. அவற்றுக்கு சிடிபியில் இடமே இல்லை. மோனோக்ரோம் சிடிபி (எல்லாக் கலர் எண்ணையும் கறுப்பாக அச்சிடுவது) போட்டாலும் அவை சொந்த நிறத்திலேயே அச்சாகும்.

ஏன் இப்படி என்பதற்கு வரலாறு இருக்கிறது. பேனாவால் தாளில் வரையும் பேனா ப்ளாட்டர் காலத்தில் கலர் எண் என்பது எந்தப் பேனாவை எடுக்க வேண்டும் என்பதற்கான எண். சிவப்பு 1, மஞ்சள் 2 என்று வரைந்தவர்கள் சிவப்பு மையை நினைக்கவில்லை, பேனாவின் தடிமனைத்தான் நினைத்தார்கள். ஆட்டோகேட் 2000 வந்தபோது லேஅவுட்டும் லைன்வெயிட்டும் (கோட்டின் தடிமன்) ப்ளாட் ஸ்டைலும் சேர்ந்தே வந்தன. சிடிபி அந்தப் பழைய பேனா கணக்கை அப்படியே தொடர்ந்தது. ட்ரூ கலர் அதற்கும் பிறகு, ஆட்டோகேட் 2004-இல்தான் வந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். லேயர் பட்டியலில் கலர் பத்தியின் தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்துங்கள். சிவப்பு என்றோ 42 என்றோ ஒற்றையாக இருந்தால் இன்டெக்ஸ் கலர். 0,128,0 என்று மூன்று எண்கள் கமாவோடு இருந்தால் ட்ரூ கலர். லேயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று கலரில் வருகிறதா? அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைலேயர் (லேயரின் கலரையே எடுப்பது) என்று இல்லாமல் நேரடியாகக் கலர் கொடுத்திருப்பார்கள். அது டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) என்றால் டைமென்ஷன் ஸ்டைலுக்குள் கோட்டுக்கும் எழுத்துக்கும் தனித்தனியாகக் கலர் இருக்கும், அதையும் திறந்து பார்க்க வேண்டும். எம்டெக்ஸ்ட்டில் (பல வரி எழுத்து) இன்னும் சிக்கல். ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றியிருந்தால், வெளியிலிருந்து லேயர் கலரை எத்தனை முறை மாற்றினாலும் அந்தச் சொல் அசையாது. எழுத்துக்குள் போய்த்தான் ஃபார்மட்டை நீக்க வேண்டும்.

பொருள்களின் கலரை லேயருக்கு ஏற்ப மாற்றும் செட்பைலேயர் கட்டளை இதையெல்லாம் ஒரேயடியாகச் சரிசெய்துவிடும் என்று நம்பி மொத்த ட்ராயிங்கையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிளாக்குகளையும் (ஒரே தொகுப்பாகச் சேமித்த சின்னங்கள்) சேர்க்கவா என்று அது கேட்கும். சேர்த்தால், பிளாக்குக்குள் வேண்டுமென்றே கொடுத்திருந்த கலர் வேறுபாடுகளும் போய்விடும். எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சின்னங்கள் உள்ள ட்ராயிங்கில் இது பெரிய நஷ்டம்.

வெள்ளை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலர் 7 கறுப்புத் திரையில் வெள்ளையாகத் தெரியும், தாளில் கறுப்பாக அச்சாகும். ஆனால் 255,255,255 என்று ட்ரூ கலரில் கொடுத்த வெள்ளை தாளிலும் வெள்ளைதான். கறுப்புத் திரையில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், ஒரு லேயரே அச்சாகாமல் போனதுபோலத் தோன்றும். பொருள் காணவில்லை என்றால், எப்போதும் அச்சாகாத டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் இருக்கிறதா, லேயரின் பிரிண்டர் குறி அணைந்திருக்கிறதா என்று பார்த்த கையோடு இதையும் பாருங்கள்.

சரி, ட்ரூ கலர் வேண்டவே வேண்டும் என்றால்? பிரசன்டேஷனுக்கும் வொர்க்கிங் ட்ராயிங்குக்கும் ஒரே கோப்பைப் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு எஸ்டிபி பொருத்தம். ஆனால் மோனோக்ரோம் எஸ்டிபி போட்டால் மட்டும் போதாது. லேயர்கள் நார்மல் ஸ்டைலிலேயே இருந்தால் சொந்தக் கலரில்தான் வரும். அவற்றை ஸ்டைல் 1-க்கு மாற்றினால்தான் கறுப்பாகும்.

சாம்பல் ஹேட்ச் கறுப்பாவது

மோனோக்ரோம் சிடிபியில் 255 கலரும் கறுப்பு. 8, 9, 252, 254 போன்ற சாம்பல்களும் அதில் அடக்கம். திரையில் மென்மையாகத் தெரிந்த 254 சாலிட் ஹேட்ச், தாளில் அடியிலுள்ள எழுத்தையெல்லாம் விழுங்கிக் கறுப்பாகிவிடும். ஸ்ட்ரக்சரல் ட்ராயிங்குக்கு அடியில் மங்கலாகத் தெரிய வேண்டிய ஆர்க்கிடெக்ட்டின் எக்ஸ்ரெஃபும் (வெளியிலிருந்து இணைத்த ட்ராயிங்) இப்படியே பீமோடு போட்டி போடும்.

கிரேஸ்கேல் சிடிபிக்கு மாற்றுவது இதற்கு மருந்தல்ல. சாம்பல் சரியாகும், ஆனால் மஞ்சளும் சியானும் வெளிறிப்போய்ப் படிக்க முடியாமல் ஆகும். மோனோக்ரோமை நகலெடுத்து, உங்கள் அலுவலகப் பெயரில் சேமித்து, அந்த நகலில் இரண்டு மூன்று சாம்பல் எண்களை மட்டும் ஒதுக்குங்கள். அவற்றுக்கு நிறம் கறுப்பாகவே இருக்கட்டும், ஸ்கிரீனிங் மதிப்பை 100-இலிருந்து 50 அல்லது 30-க்குக் குறையுங்கள். ஸ்கிரீனிங் என்பது எத்தனை சதவீத மை என்ற கணக்கு. அப்புறம் அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், அந்த எண்கள் பின்னணிக்கு மட்டும்தான் என்று.

ஆட்டோகேடுடன் கூடவே வரும் சிடிபியைத் திருத்துவது

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே மோசமான தவறு இதுதான். அவசரத்தில் யாரோ ஒருவர் மோனோக்ரோம் சிடிபியையே திறந்து, பச்சைக்கு 0.50 என்று தடிமன் கொடுத்துச் சேமித்துவிடுகிறார். அன்றைய ஷீட் நன்றாக வந்துவிடும். ஆனால் ட்ராயிங்குக்குள் சேமிக்கப்படுவது சிடிபியின் பெயர் மட்டுமே, உள்ளடக்கம் இல்லை. பக்கத்து மேசையில் அதே கோப்பைத் திறந்தால் அங்கே உள்ள மோனோக்ரோம் சிடிபிதான் வேலை செய்யும். பெயர் ஒன்று, விளைவு வேறு. எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். கோப்பே இல்லாவிட்டால்கூட ‘மிஸ்ஸிங்’ என்று காட்டிவிடும், அது எவ்வளவோ மேல்.

கூடவே வரும் கோப்புகளைத் தொடாதீர்கள். நகலுக்கு அலுவலகப் பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ஸ்டைல்ஸ்மேனேஜர் என்று கட்டளை கொடுத்தால் கோப்புகள் இருக்கும் போல்டர் திறக்கும். சர்வரில் ஒரே போல்டரை வைத்து, ஆப்ஷன்ஸில் ப்ளாட் ஸ்டைல் தேடும் பாதையை எல்லாக் கணினியிலும் அங்கே திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. வெளியே அனுப்பும்போது ட்ராயிங்கோடு தேவையான கோப்புகளையும் தொகுக்கும் இடிரான்ஸ்மிட் பயன்படுத்தினால் சிடிபியும் கூடவே போகும். ப்ளாட் எடுக்கும் கடைக்குப் பென்டிரைவில் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் ட்ராயிங் கோப்பு) கொண்டு போகாதீர்கள், பிடிஎஃப் கொண்டு போங்கள். அவர்கள் கணினியில் எந்த சிடிபி எப்படித் திருத்தப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னும் சில இடங்கள்

பேஜ் செட்டப் (அச்சிடும் அமைப்பு) ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தனி. முதல் ஷீட்டில் சிடிபி தேர்ந்தெடுத்தது பத்தாவது ஷீட்டுக்குப் போகாது. பெயரிட்ட பேஜ் செட்டப் ஒன்றை உருவாக்கி எல்லா லேஅவுட்டுக்கும் கொடுங்கள். ‘ப்ளாட் வித் ப்ளாட் ஸ்டைல்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் இல்லையென்றால் எந்த சிடிபியும் பயனில்லை.

லைன்வெயிட்டை லேயரிலும் கொடுத்து சிடிபியிலும் கொடுத்தால் சிடிபிதான் ஜெயிக்கும். லேயர் மதிப்பு வேண்டுமென்றால் சிடிபியில் ‘யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்’ என்று இருக்க வேண்டும். எது உங்கள் முறை என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஏ1 ஷீட்டை ஏ3-இல் சரிபார்க்க எடுக்கும்போது எழுத்துகள் அடைபட்டுத் தெரிந்தால், லேஅவுட்டில் ‘ஸ்கேல் லைன்வெயிட்ஸ்’ டிக் செய்தால் கோடும் அதே விகிதத்தில் மெலியும்.

மோனோக்ரோம் போட்டும் ஒரு வியூபோர்ட் (ஷீட்டில் ட்ராயிங் தெரியும் சட்டம்) மட்டும் கலரில் வந்தால், அந்த வியூபோர்ட்டின் ஷேட் ப்ளாட் அமைப்பு ரியலிஸ்டிக், கன்செப்சுவல் என்று ஏதாவது இருக்கும். லெகசி வயர்ஃப்ரேமுக்கு (பழைய பதிப்பானால் வயர்ஃப்ரேமுக்கு) மாற்றுங்கள். இணைத்த படங்களுக்கும், ஓஎல்இ ஆக (வேறு மென்பொருளிலிருந்து அப்படியே) ஒட்டிய எக்செல் அட்டவணைகளுக்கும் சிடிபி பொருந்தாது. பிடிஎஃப் அண்டர்லே (ட்ராயிங்குக்கு அடியில் இணைத்த பிடிஎஃப்) என்றால் அதன் பிராப்பர்ட்டீஸிலேயே மோனோக்ரோம் தேர்வு உண்டு.

எல்லாவற்றையும் கறுப்பாக்குவதும் தவறாகும் இடம் ஒன்று இருக்கிறது. அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடங்களில் நிறத்துக்குப் பொருள் உண்டு. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பில் புதிதாகக் கட்டப்போவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள் ஹேட்ச், கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோடு என்று அட்டவணையே இருக்கிறது. அப்ரூவல் ட்ராயிங்குக்குத் தனி சிடிபி வைத்து, அந்தக் கலர் எண்களுக்கு மட்டும் ‘யூஸ் ஆப்ஜெக்ட் கலர்’ கொடுத்து, மற்றவற்றைக் கறுப்பாக விடுங்கள்.

பிடிஎஃப் சரியாக இருந்து தாளில் மட்டும் தவறினால், இப்போது பிரிண்டரைத் திறக்கலாம். டிரைவரில் கிரேஸ்கேல், மை சேமிப்பு ஏதாவது இயக்கத்தில் இருக்கிறதா, பிசி3 கோப்பின் (ஆட்டோகேடின் பிரிண்டர் அமைப்புக் கோப்பு) கலர் டெப்த் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். திரையில் பிடிஎஃப் கோடுகள் மட்டும் தடித்துத் தெரிந்தால் அக்ரோபேட் ரீடரில் ‘என்ஹான்ஸ் தின் லைன்ஸ்’ தேர்வை எடுத்துவிட்டுப் பார்த்த பிறகு சிடிபியில் கை வையுங்கள்.